சேர்ந்து கணக்கு போடுறப்ப எங்கெங்க சொதப்புறோம்

காரைக்குடி பக்கம் பெரிய லீவு விட்டா பிள்ளைக எல்லாம் ஊர்ல வந்து கூடிரும், லீவு முடிஞ்சு ஆளுக்கொரு திசையா போனப்பறமும் வாட்ஸப் குரூப்பு மட்டும் அப்படியே ஓடிக்கிட்டு இருக்கும். அதுல ஒம்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தன் வீட்டுப்பாடக் கணக்கைப் போட்டோ புடிச்சுப் போடுவான், சிங்கப்பூர்ல இருக்குற சித்தப்பா ஒரு விடுகதை போடுவாரு, அப்பத்தா வாய்ஸ் மெசேஜ்ல பழைய புதிர் ஒன்னு சொல்லும். நல்ல பழக்கம்தான், ஆனா பாதி நாள் அதுல மிஞ்சுறது தப்பு விடையும் சண்டையும்தான். காரணம்னு பாத்தா எல்லாமே ஒரே எடத்துல வந்து நிக்குது, விடை கிடைச்சுட்டா கணக்கு முடிஞ்சுதுன்னு நெனைக்கிற அவசரம்.

மொத தப்பு கேள்வியைப் பாதியா போடுறது. போட்டோல மேல ரெண்டு வரி வெட்டுப்பட்டிருக்கும், "படத்தைப் பார்க்க"ன்னு இருக்கும், படம் இருக்காது. அதை வச்சுக்கிட்டு நாலு பேரு நாலு விதமா போடுவாங்க. கேள்வியை முழுசா டைப் பண்ணிப் போடுங்க, அப்படி டைப் பண்றப்பவே பாதி பேருக்கு விடை புரிஞ்சிரும், நெசமாத்தான்.

அடுத்து அந்த வகுத்தல் பெருக்கல் சண்டை. 24 ÷ 4 × 3 எவ்வளவுன்னு கேட்டா 2ன்னு சொல்ல ஒரு கோஷ்டி எப்பவும் உண்டு, மொதல்ல பெருக்கணும்னு எங்கயோ மனசுல பதிஞ்சு போச்சு. வகுத்தலும் பெருக்கலும் ஒரே படிதான், எடது பக்கத்துலேர்ந்து வரிசையா போகணும், 6, அப்பறம் 18. கூட்டல் கழித்தலும் அதே மாதிரி, 10 − 3 + 4 பதினொன்னு, மூணு இல்ல. ஆனா 8 ÷ 2(2+2) மாதிரி ஒன்னு சுத்தி வருமே, 16ஆ 1ஆன்னு ராத்திரி பூரா அடிச்சுக்குவாங்களே, அதுல சண்டை போடுறதே வீண், எழுதுனவரு அடைப்புக்குறியை ஒழுங்கா போடல அவ்வளவுதான், "திருத்தி எழுதிப் போடுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கலாம்.

இப்ப வட்டிக்கு வருவோம். இந்த ஊர்ல வட்டிக் கணக்கு தப்பாப் போடுறதுன்னா சிரிப்பாங்க, பர்மா மலேயான்னு போயி வட்டிக்கடை வச்ச ஊரு, கடைல கீழ்ப்படியான பெட்டியடிப் பையனா சேர்ந்து அடுத்தாளு ஆகி மேலாளு ஆகுறவரைக்கும் எல்லாம் கணக்கேட்டுலதான். ஆனா இப்பத்திப் பிள்ளைக நெறைய பேரு தப்பு பண்றதே இங்கதான், அதுக்கு அதுகளைக் குத்தம் சொல்லவும் முடியாது. ஊர்ல "ரெண்டு வட்டி"ன்னா நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபா. பள்ளிக்கூடத்துப் புத்தகத்துல 2 சதவீதம்னு சும்மா போட்டிருந்தா வருஷத்துக்கு. பெரியவரு ஒருத்தர் "அம்பதாயிரம், ரெண்டு வட்டி, ஒம்போது மாசம், எவ்வளவுப்பா வட்டி?"ன்னு குரூப்புல கேக்குறாருன்னு வைங்க. பையன் அசல் × காலம் × வட்டி வீதம் வகுத்தல் 100னு போட்டு, ஒம்போது மாசத்தை முக்கால் வருஷமாக்கி, 750 ரூபான்னு போடுவான். அவரு மனசுல இருக்குறது மாசம் ஆயிரம், ஒம்போது மாசத்துக்கு ஒம்பதாயிரம். சூத்திரம் சரி, பெருக்கலும் சரி, ஆனா வருஷ வீதம்னு எடுத்தது யாரு? ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24 சதவீதம், அதை அதே சூத்திரத்துல போட்டுப் பாருங்க, 9,000 தானா வரும். அதனால வட்டிக் கணக்கு எது வந்தாலும் மாசமா வருஷமான்னு கேட்டுட்டு அப்பறம் பேனாவை எடுங்க.

சதவீதத்துலயே இன்னொன்னும் உண்டு. கண்டாங்கிச் சேலை ஒன்னு 1,000 ரூபா, வெலையை 20 சதவீதம் ஏத்திட்டு அப்பறம் 20 சதவீதம் தள்ளுபடி போட்டா பழைய வெலைக்கே வந்துருச்சுன்னு சொல்லுவாங்க. ஏத்துனது ஆயிரத்துக்கு, இறக்குனது ஆயிரத்து எரநூறுக்கு, வர்றது 960.

தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடி கல்லு வச்சு ஒரு கணக்கு, இது எனக்கு ரொம்பப் புடிச்ச தப்பு. 20 அடிக்கு 10 அடி அறை, 10 இஞ்சு சதுரக் கல்லு, எத்தனை வேணும்? 200 சதுர அடி, ஒரு அடிக்கு 12 இஞ்சு, அப்ப 2,400, கல்லு ஒன்னுக்கு 100 சதுர இஞ்சு, ஆக 24 கல்லு. மடமடன்னு வந்துரும், குரூப்புல மூணு பேரு கட்டைவெரலும் போட்டுருவாங்க. 24 கல்லை வச்சு அந்த அறைல ஒரு ஓரத்துல ஒத்த வரிசைதான் ஓட்ட முடியும். சதுர அடிக்கு 144 சதுர இஞ்சு, 12 இல்ல, சரியான விடை 288. அந்தக் கல்லை ஒவ்வொன்னா கண்ணாடி மேல சாயம் ஊத்தி கையாலயே செய்யுறாங்க, எண்ணிக்கை தப்பா சொல்லிட்டு அப்பறம் அதே சாயத்துல, அதே பூவுல இன்னும் 264 வேணும்னு போய் நின்னா பட்டறைக்காரரு என்ன சொல்லுவாரோ. விடை வந்தோன்ன அது நடக்குற காரியமான்னு ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாக்கணும், கடைல வருஷக் கடைசில ஐந்தொகை, அதான் பேலன்ஸ் ஷீட்டு, போட்டு ரெண்டு பக்கமும் ஒத்து வருதான்னு பாப்பாங்கள்ல, அது மாதிரி.

தூண் கணக்கும் அப்படித்தான். 100 அடி நீளத்துல 10 அடிக்கு ஒரு தூண், ரெண்டு முனையிலயும் தூண் உண்டுன்னா 11. இதைக் கத்துக்கிட்ட பிள்ளை வீட்டு நடுமுத்தமான வளவைச் சுத்தி 100 அடிக்கும் பதினொன்னுன்னு போடும், சுத்தி வந்தா கடைசித் தூணும் மொதத் தூணும் ஒன்னுதானே, பத்துதான்.

வேகக் கணக்கைச் சட்டுனு சொல்லிடுறேன், போறப்ப மணிக்கு 60, வர்றப்ப 30னா சராசரி 45 இல்ல, 40. 60 கிலோமீட்டர் தூரம்னு வச்சுக்கிட்டு போக வர மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்க.

விடுகதைக்கு வந்தா தப்பு வேற மாதிரி. குருவிக் கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பறந்து போற குருவிக் கூட்டத்தைப் பாத்து எத்தனை பேருன்னு ஒருத்தன் கேக்க, குருவிக சொல்லுச்சாம், நாங்களும், எங்களைப் போல இன்னொரு பங்கும், எங்கள்ல பாதியும், பாதில பாதியும், உன்னையும் சேத்தா நூறு. "எங்களைப் போல"ங்குறதைக் கவனிக்காம விட்டுட்டா 56 புள்ளி ஏதோன்னு வரும், குருவி பின்னத்துலயா பறக்கும்? அங்கயே தெரியணும் கேள்வியைச் சரியா படிக்கலன்னு. விடை 36, கூட்டிப் பாத்துக்கங்க, 36, 36, 18, 9, ஒன்னு. இதை ஒரு பொடிசு 32, 40னு போட்டுப் பாத்து 36க்கு வந்துச்சுன்னா "இதெல்லாம் கணக்கா, சமன்பாடு போடு"ன்னு வாயை அடைக்காதிய. பாதில பாதி வரணும்னா நாலால வகுபடணும்னு அது கண்டுபுடிச்சிருக்கு பாருங்க, அதுவும் கணக்குதான்.

அப்பறம் எண் வரிசை. 2, 4, 8, அடுத்து என்ன? 16னு அடிச்சுச் சொல்லுவாங்க. ரெண்டு கூட்டு, நாலு கூட்டு, ஆறு கூட்டுன்னு போனா 14ம் சரிதான். 1, 2, 4, 8, 16 வந்தாக்கூட அடுத்தது 32னு உறுதி கெடையாது. வட்டத்து மேல புள்ளி வச்சு ஒவ்வொன்னையும் மத்த எல்லாத்தோடயும் கோடு போட்டுச் சேத்தா வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகும்னு எண்ணுங்க, அஞ்சு புள்ளி வரைக்கும் இதே வரிசைதான் வரும், ஆறாவது புள்ளிக்கு 31. அதனால வேற விடை சொல்ற ஆளைக் கிண்டல் பண்றதுக்கு முன்னாடி எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.

எனக்குக் கோவம் வர்றது ஒரே விஷயத்துக்குத்தான், கேள்வி விழுந்த அடுத்த நிமிஷம் விடையைப் போட்டு உடைக்கிறது. இஞ்சினியர் மாமா ஒருத்தர் எல்லா வீட்டுலயும் இருப்பாரு, அவருக்குத் தெரியும், சந்தோஷம். ஆனா ஏழாங்கிளாஸ் பிள்ளை அப்பத்தான் பேப்பர் எடுத்திருக்கும், விடையைப் பாத்தோன்ன மூடி வச்சுட்டுப் போயிரும். ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் குறிப்பு மட்டும்தான்னு ஒரு கட்டுப்பாடு வைங்க. குறிப்புன்னா "சமன்பாடு போடு"ன்னு சொல்றது இல்ல, "எது தெரியாதுன்னு மொதல்ல எழுது", "சின்ன எண்ணு போட்டுப் பாரு", இந்த மாதிரி.

விடை வந்தப்பறமும் ஒரு தப்பு இருக்கு, அத்தோட விட்டுடுறது. பூக்கணக்கை எடுத்துக்குங்க. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, மூணு கோயில், ஒவ்வொரு கோயில் ஊருணியிலயும் பூவை முக்குனா ரெட்டிப்பாகும்னு கதை, மூணு கோயில்லயும் ஒரே எண்ணிக்கை வைக்கணும், கடைசில கையில ஒன்னும் மிஞ்சக் கூடாது, எத்தனை பூ கொண்டு போகணும், கோயிலுக்கு எத்தனை வைக்கணும்? 7 பூ கொண்டு போயி 8 வைக்கணும்னு சொல்லிட்டு எல்லாரும் கெளம்பிருவாங்க. 14 கொண்டு போயி 16 வச்சாலும் சரியாத்தான் வரும், 21க்கு 24ம் வரும், "குறைஞ்சது எத்தனை"ன்னு கேள்வில இருந்தாத்தான் ஏழு. கேட்டவரு அதைச் சொன்னாரான்னு பாருங்க. அப்பறம் நாலாவதா இரணியூரையும் சேத்துக்கிட்டா? 15 பூ, 16 வைக்கணும். ரெண்டே கோயில்னா 3, 4. இது வரைக்கும் வந்த பிள்ளைகிட்ட செட்டிநாட்டு நகரத்தாரோட ஒம்போது நகரக் கோயிலுக்கும் எத்தனைன்னு கேட்டுப் பாருங்க, ஒவ்வொன்னா போடாம 511, 512னு ஒரே மூச்சுல சொல்லுதா, இல்ல மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்குதான்னு.