படிக்காத சொல் நினைவில் புகுந்துவிடாமல் படிக்கும் முறை

நாற்று, கதிர், பதர், உமி, தவிடு, அரிசி, களம், குதிர், பத்தாயம், மூட்டை, அறுவடை, வைக்கோல் ஆகிய பன்னிரண்டு சொற்களை வீட்டில் ஒருவருக்கு நிதானமாக வாசித்துக் காட்டிவிட்டு, சற்று நேரம் கழித்து நினைவிலிருப்பவற்றை எழுதச் சொல்லுங்கள். டெல்டாவில் பிறந்தவராயின், நீங்கள் வாசிக்கவே வாசிக்காத 'நெல்'லையும் அவர் தயக்கமின்றி எழுதிவிடக்கூடும். உளவியலாளர் ஜேம்ஸ் டீஸ் 1959-இல் கண்ட இவ்விளைவை, உளவியலாளர்களான ரோடிகரும் மெக்டெர்மாட்டும் 1995-இல் மீண்டும் சோதித்தபோது, முதல் ஆய்விலேயே வாசிக்கப்படாத சொல் ஏறத்தாழ 40 சதவீத முறை நினைவுகூரப்பட்டது.

இதை மறதி என்று சொல்ல முடியாது. சொற்களைப் பொருளால் கோத்துப் படிக்கும்போது சரியானவை கூடுதலாகத் தங்குகின்றன. அதே கோவையில் பொருந்தும் அந்நியச் சொல்லும் உடன் வந்துவிடுகிறது. எனவே கோத்துப் படிப்பதை விட வேண்டாம். அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம்.

போட்டித் தேர்வுக்காகக் காவிரியின் கிளையாறுகளை, அதாவது அதிலிருந்து பிரிந்து செல்லும் ஆறுகளை, படிப்பதாகக் கொள்வோம். 'எல்லாம் காவிரி ஆறுகள்' என்று ஒரே கட்டாக மனத்தில் போட்டுக்கொண்டவர், கரூர்ப் பக்கம் வந்து சேரும் துணையாறான அமராவதியையும் அந்தக் கட்டிலேயே சேர்த்துவிடுவார். அதற்கு மாறாக, ஒவ்வொரு பெயருக்கும் அதற்கே உரிய ஓர் அடையாளத்தைக் கொடுங்கள்: ஓடம்போக்கி என்றால் திருவாரூர், பாமணியாறு என்றால் மன்னார்குடி, அரசலாறு என்றால் கும்பகோணத்தைத் தொட்டுக் காரைக்காலில் கடல் சேர்வது, வெண்ணாறு என்றால் கல்லணையில் பிரிவது. கையால் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. படத்தோடு படித்த பட்டியல்களில் பொய் நினைவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அமராவதிக்கு அந்த வரைபடத்தில் இடமில்லை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வாய்விட்டுப் படிப்பதும் உதவும், ஏனெனில் 'இதைச் சொல்லியிருந்தால் நினைவிருக்குமே' என்று மனம் தானே ஐயுறத் தொடங்குகிறது. திரும்பத் திரும்பப் படிப்பதன் பயன் விடையளிக்கும் வேகத்தைப் பொறுத்தது: நிதானமாக யோசிப்பவருக்குப் பிழை குறைகிறது, அவசரமாக விடையளிப்பவருக்கோ கூடுகிறது.

பார்க்காமல் எழுதிப் பார்ப்பவர்கள் எழுதி முடித்த கையோடு புத்தகத்துடன் ஒப்பிட வேண்டும். அடித்துத் திருத்தாமல் விட்ட தவறான பெயர், அடுத்த முறை படித்த பெயரைப் போலவே உறுதியாக வந்து நிற்கும்.