.22 பிஸ்டல் சிக்கினால்

சுடும் பயிற்சியின் நடுவே .22 எல்.ஆர். (சிறிய வகைத் தோட்டா) பிஸ்டல் சிக்கி இயங்காமல் நின்றால் முதலில் விரலை விசையிலிருந்து எடுங்கள். குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? 30 விநாடி அப்படியே பிடித்திருங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும். பிறகு மேகசினை (தோட்டாப் பெட்டகம்) கழற்றி, ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) இழுத்துத் தோட்டாவை வெளியேற்றுங்கள். அதன் விளிம்பில் தோட்டாவை அடிக்கும் ஊசியின் தடம் ஆழமாக இருந்தால் பெரும்பாலும் தோட்டாவில்தான் குறை. மங்கலாக இருந்தால் ஊசியையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) கரி படிந்து தோட்டா முழுதாக உட்காராமலும் இருக்கலாம்.

சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு (தோட்டாவிலிருந்து பாயும் முனை) குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன்மேல் இன்னொன்று மோதினால் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும். பிஸ்டலைக் காலி செய்து, குழலைச் சோதித்த பிறகுதான் மறுபடி தொட வேண்டும்.

சுட்ட தோட்டாவின் காலி உறை, அது வெளியேறும் வாசலில் செங்குத்தாக நின்றால் தளர்ந்த மணிக்கட்டு, வலுக்குறைந்த தோட்டா, உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் அப்பிய மெழுகும் கரியும் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். கொக்கியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாலே பாதி தொல்லை தீரும்.

இலக்குப் பிஸ்டல் பலவற்றுக்கும் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடைக் குண்டும் விநாடிக்குச் சுமார் 1,070 அடி வேகமும் உள்ள சாதாரண வேகத் தோட்டாவே ஏற்றது. அதிவேக வகை ஸ்லைடை அடித்துத் தேய்க்கும். இரண்டு மூன்று வகையில் 50 தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று வாங்கிச் சுட்டுப் பார்த்து, சிக்காமல் ஓடுவதை வைத்துக்கொள்ளுங்கள்.