ஸ்டாலில் வாங்கும் மொத்த ஆர்டரும் மற்ற தவறுகளும்: கைவினைக் கண்காட்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் பனை ஓலைப் பொருட்கள் விற்கிறவள். கொட்டான் என்கிற ஓலைக் கூடை, மூடிப் பெட்டி, சுளகு என்கிற முறம், அஞ்சறைப் பெட்டி. எங்கள் ஊர்ப் பெண்கள் முடைகிறார்கள். ஓலை வாங்குவதும் சாயம் போடுவதும் விற்பதும் என் பொறுப்பு. சென்னை, கோவை, மதுரை என்று கைவினைக் கண்காட்சி எங்கே நடந்தாலும் முடிந்தவரை ஸ்டால் எடுத்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் புது முகங்கள் இருக்கும். டெரகோட்டா நகை, வாழைநார்ப் பை, கோரைப் பாய், துணி பொம்மை என்று கொண்டுவந்திருப்பார்கள். பொருள் அருமையாக இருக்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் முகம் வாடிப்போகும். ஏன் என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் நானும் அங்கேதான் தடுக்கி விழுந்தேன்.

சிரித்துப் பேசுங்கள், விலைச் சீட்டு ஒட்டுங்கள், நேரத்துக்குக் கடை திறங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்கள்கூட மாட்டிக்கொள்கிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கியூஆர் அட்டை யாருடைய எண்ணில் இருக்கிறது?

பல ஸ்டால்களில் ஒட்டியிருக்கும் கியூஆர், ஊரில் இருக்கும் கணவர் எண்ணிலோ மகன் எண்ணிலோ இருக்கும். பணம் வந்த செய்தி அங்கே போகும். வாங்கியவர் தன் போனைக் காட்டி "போயிடுச்சும்மா" என்பார். கூட்ட நேரத்தில் ஊருக்குப் போன் போட்டுக் கேட்க முடியாமல், சரி என்று பொருளைக் கொடுத்துவிடுவார்கள். ராத்திரி கணக்கு இடிக்கும். பணம் போனதைப் போலவே திரை காட்டுகிற போலிச் செயலிகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன்பே உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கும் எண்ணில் கியூஆர் வாங்கிக்கொள்ளுங்கள். சத்தமாகத் தொகை சொல்லும் பெட்டி இருந்தால் நல்லது. மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்று முதல் நாள் சரக்கு அடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சில்லறை

வங்கியில் வாங்கிக்கொண்டு வாருங்கள். பக்கத்து ஸ்டால் வங்கி இல்லை.

மொத்த ஆர்டருக்கு நின்ற இடத்திலேயே தலையாட்டுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நினைத்தாலே எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் அடிபடுவது ஸ்டாலில் நிற்கிற ஒருத்தி மட்டும் இல்லை. ஊரில் உட்கார்ந்து முடைகிற அத்தனை பேரும்.

சென்னையில் ஒரு மார்கழிக் கண்காட்சி. பக்கத்து ஸ்டாலில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், என்னைப் போலவே ஓலைதான். முதல் இரண்டு நாள் வியாபாரம் மந்தம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு அம்மா வந்து சின்னக் கொட்டானைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தை மாசக் கடைசியில பொண்ணு கல்யாணம். தாம்பூலத்துக்கு முந்நூறு வேணும். நூத்தி இருபதெல்லாம் முடியாதும்மா, மொத்தமா எடுக்கிறேன், எண்பதுன்னு போட்டுக்கோ" என்றார். முந்நூறு என்று கேட்டதும் இவள் முகம் மலர்ந்துவிட்டது. "சரிங்க மேடம்" என்றாள். ஒரு பில்லின் பின்பக்கத்தில் போன் எண்ணைக் குறித்துக்கொண்டாள். அவ்வளவுதான் ஒப்பந்தம். நான் ஜாடை காட்டினேன், அவள் பார்க்கவில்லை.

அந்த எண்பது ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். அவள் சொன்ன கணக்குப்படி ஓலைக்கும் சாயத்துக்கும் சேர்த்து ஒரு கொட்டானுக்கு 15 ரூபாய். ஒரு பெண் நாள் முழுக்க உட்கார்ந்தால் அந்த அளவில் ஐந்து முடைவாள். நாளுக்கு 300 ரூபாயாவது அவள் கையில் நிற்க வேண்டுமானால் ஒன்றுக்குக் கூலி 60. ஆக 75 போய்விட்டது. மிச்சம் 5 ரூபாய். அதில்தான் அட்டைப் பெட்டி, பார்சல் சர்வீஸ், சென்னைக்கு இறக்கும் கூலி, கோணலாக வந்து கழித்துப்போடுகிற கொட்டான்கள் எல்லாம் அடங்க வேண்டும். கையெழுத்து இல்லாத அந்த ஆர்டர் நல்லபடியாக முடிந்திருந்தாலும் நஷ்டம்தான்.

"மொத்தமா எடுத்தா குறையணும்" என்பது இயந்திரத்தில் செய்கிற பொருளுக்கு நியாயம். அச்சு ஒருமுறை போட்டால் ஆயிரமாவது டப்பா மலிவாக வரும். கையால் முடைகிறதில் முந்நூறாவது கொட்டானுக்கும் முதல் கொட்டானுக்குப் போன அதே நேரம் போகும். உண்மையில் விரல் காய்த்துப்போய் இன்னும் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். மொத்த ஆர்டரில் எனக்கு மிச்சமாவது ஸ்டால் வாடகையும், நான் நின்று விற்கிற நேரமும்தான். குறைப்பதானால் அந்தப் பங்கில் மட்டும் குறைப்பேன். கூலியில் கை வைக்க மாட்டேன்.

இனி பருவம். சென்னையில் பெரிய கூட்டம் வருகிற சீசன் மார்கழி. மார்கழியில் கல்யாணம் கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் தை, மாசி முகூர்த்தத்துக்குத்தான் கேட்பார்கள். அதாவது வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், அல்லது இன்னும் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருக்கும். மரம் ஈரமாக இருந்தால் ஏறி ஓலை வெட்ட ஆள் வராது. வெட்டின குருத்தோலை நன்றாக வெயில் கண்டால்தான் வெளுக்கும். வெயில் இல்லாமல் அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும். சாயத்தில் வேகவைத்து எடுத்த ஓலை காயாமல் நசநசவென்று கிடக்கும். அவசரத்துக்கு அரைகுறையாகக் காய்ந்த ஓலையில் முடைந்தால், பிறகு அது காய்ந்து சுருங்கி, பின்னலுக்கு இடையில் சந்து விழுந்து கொட்டான் தளர்ந்துவிடும். வருஷத்திலேயே கெட்டியான ஆர்டர் வருவதும், ஓலை நம்மைக் கைவிடுவதும் ஒரே சமயத்தில். மழைக்கு முன்பே ஓலை காயவைத்து, கீற்றுகளாக வார்ந்து, சாயம் போட்டு வைத்திருக்கிறவள் மட்டும்தான் மார்கழியில் தைக்கு ஆர்டர் எடுக்கலாம். பக்கத்து ஸ்டால் பெண்ணிடம் அப்படி இருப்பு இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா பத்து நாள் கழித்துப் போன் செய்து, தேங்காய் உள்ளே போக வேண்டும், கொஞ்சம் பெரிதாகச் செய் என்றார். அளவு பெரிதானால் ஓலையும் கூடும், நேரமும் கூடும். இவள் விலையை மாற்றிக் கேட்கவில்லை. அப்புறம் பெண் மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்துகளைப் பக்கவாட்டில் பின்னித் தரச் சொன்னார். அதற்கும் சரி. வெயில் வராமல், அடுப்படியில் தொங்கவிட்டு ஓலை காயவைத்து, ராத்திரியும் உட்கார்ந்து முடைந்தார்கள். அனுப்புவதற்கு நான்கு நாள் இருக்கும்போது இன்னொரு போன். மாப்பிள்ளை வீட்டில் மஞ்சள் துணிப்பை போதும் என்று சொல்லிவிட்டார்களாம். "தப்பா எடுத்துக்காதம்மா, நீ கடையில வச்சு வித்துடு." இரண்டு எழுத்து பின்னிய முந்நூறு கொட்டானை யாருக்கு விற்பது? கூலி மட்டும் 18,000 ரூபாய். முடைந்தவர்கள் முடைந்துவிட்டார்கள், கொடுக்காமல் இருக்க முடியுமா? கையிலிருந்து கொடுத்தாள். அடுத்த சீசனில் அவளை நான் பார்க்கவில்லை.

அந்த அம்மாவை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவரைக் கட்டுப்படுத்த எதுவுமே எழுதப்படவில்லை, ஒரு ரூபாயும் அவர் கையை விட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டில் தினமும் பத்து விஷயம் மாறும். முன்பணம் கொடுத்த விஷயத்தை மட்டும் மாற்ற மாட்டார்கள்.

நான் இப்போது செய்வது இது. ஸ்டாலில் நின்றுகொண்டு விலை சொல்லவே மாட்டேன். "ராத்திரி கணக்குப் பார்த்து நாளைக்குப் போன்ல சொல்றேன் மேடம்" என்பேன். அந்த ஓர் இரவில் ஊருக்குப் பேசி எத்தனை கை இருக்கிறது, சாயம் போட்ட ஓலை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிடுவேன். விலை ஒத்துவந்தால் பாதிப் பணம் முன்பணம். அது கணக்கில் ஏறிய நாளிலிருந்துதான் வேலை தொடங்கும். முன்பணம் கேட்டதும் தயங்குகிறவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்; அவர் மேல் வருத்தப்பட ஒன்றும் இல்லை, முடிவு செய்துவிட்டு வரட்டும்.

கார்பன் வைத்த பில் புத்தகத்தில் எழுதுவேன்: எத்தனை, உயரம் அகலம் எவ்வளவு, என்ன நிறம், எந்தத் தேதி, அனுப்பும் செலவு யாருடையது. கைச்சாயத்தில் ஒரு கொட்டானுக்கும் இன்னொன்றுக்கும் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதையும் எழுதுவேன். இதை எழுதாமல் விட்டு, பார்சல் பிரித்த பிறகு "நான் பார்த்த சிவப்பு இது இல்லையே" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எழுத்து பின்னுவது, தேதி பின்னுவது என்றால் முழுப்பணமும் முன்னால். அளவு மாறினால் விலை மாறும் என்று ஒரு வரி. அடியில் இருவர் கையெழுத்து, அதை ஒரு போட்டோ.

மாதிரி இரண்டு. ஒரே மாதிரியான இரண்டு கொட்டானை எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்து, இன்னொன்றில் சீட்டுக் கட்டி ஊருக்குக் கொண்டுபோவேன். புதியவர்கள் பலர் கடைசி நாள் வேகத்தில் அந்த மாதிரியையே விற்றுவிடுகிறார்கள்! பிறகு ஊரில் நான்கு பெண்கள் நான்கு அளவில் முடைவார்கள். மாதிரி இருந்தாலும், உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு கேட்டால் ஆர்டர் கைநழுவிப் போய்விடுமே என்று கேட்கிறார்கள். சில போகும். போகட்டும். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்திருக்கிறார்கள். அவ்வளவு மதிப்புள்ள வேலையை ஐந்து ரூபாய் மிச்சத்துக்குச் செய்யச் சொல்லி நம் பெண்களைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

கடைசி நாள் சாயங்காலம் விலையை உடைப்பது

திரும்பக் கொண்டுபோகும் லாரி வாடகைக்குப் பயந்து 400 ரூபாய்ப் பெட்டியை 200 என்று கூவுவார்கள். முதல் நாள் முழு விலை கொடுத்தவர் திரும்ப வந்து அதைப் பார்ப்பார். அடுத்த வருஷம் அவர் கடைசி நாள்தான் வருவார், நண்பர்களையும் அன்றைக்கே வரச் சொல்வார். பக்கத்தில் அதே பொருள் விற்கிறவரின் விலையும் சேர்ந்து சரியும். கறை பட்டது, ஓரம் நசுங்கியது என்று குறை உள்ளவற்றைத் தனியாக ஒரு கூடையில் போட்டுக் குறைத்துக் கொடுங்கள். நல்ல பொருள் பெட்டிக்குள் போகட்டும்.

தனியாக வருவது

வேண்டாம். கழிப்பறைக்குப் போக வேண்டும், சாப்பிட வேண்டும்.

வெளிமாநிலத்துக்குப் போகும்போது காகிதம் இல்லாமல் போவது

டில்லி ஹாட், சூரஜ்குண்ட் என்று வடக்கே நடக்கும் பெரிய கைவினைச் சந்தைகளுக்குப் போக ஆசை இருக்கும், போகவும் வேண்டும். கைவினைப் பொருளுக்கு ஜிஎஸ்டியில் ஒரு சலுகை உண்டு: கண்காட்சிக்காக வேறு மாநிலம் போய் விற்கிறவரின் ஆண்டு மொத்த வியாபாரம் 20 லட்சத்துக்குள் இருந்தால் (சில சிறப்பு மாநிலங்களில் 10 லட்சம்) அதற்காகத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஓலை, புல், நார்ப் பொருட்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பான் எண் கட்டாயம், சரக்குக்கு இ-வே பில்லும் (சரக்கு வண்டியில் போகும்போது கூடவே இருக்க வேண்டிய, இணையத்தில் எடுக்கும் சீட்டு) கட்டாயம். 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இ-வே பில் வேண்டாம் என்பது பொதுவான விதி. இந்தச் சலுகையில் மாநிலம் தாண்டும் கைவினைப் பொருளுக்கு அது பொருந்தாது. மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். இது தெரியாமல் வழிச் சோதனையில் சரக்கோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் உங்கள் வரி ஆலோசகரிடம் நடப்பு விதியை ஒருமுறை கேட்டுவிடுங்கள். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தரும் பெஹ்சான் அட்டை (கைவினைஞர் அடையாள அட்டை) இல்லாதவர்கள் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

வெளிச்சம்

வெள்ளை எல்இடியில் மஞ்சள் சாயம் பச்சையடித்துத் தெரியும். இளமஞ்சள் பல்பு இரண்டு கொண்டுபோங்கள்.

மிஞ்சிய சரக்கைக் கட்டும் விதம்

கடைசி ராத்திரி எல்லோருக்கும் அலுப்பு. கையில் கிடைத்த பிளாஸ்டிக் கவரில் திணித்துக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஓலை, நார், கோரை எல்லாம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கும். பிளாஸ்டிக்குக்குள் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை வந்துவிடும். பழைய பருத்திச் சேலையில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள், பெட்டியில் நான்கு துளை போடுங்கள். ஊருக்குப் போனதும் அன்றைக்கே பிரித்து வெயிலில் வைத்துவிடுங்கள்; சாயம் போட்டவை மட்டும் நிழலில்.