எலி எந்த வருடம் வந்தது?

எங்கள் நூலகத்தில் கதைசொல்ல வந்திருக்கும் இளைஞர்கள், சிறுவர் கதைகளுக்குள் ஒளிந்திருக்கும் வரலாறு பற்றிச் சென்ற வாரம் பேசினார்கள். 15 வருடங்களுக்கு முன் நான் செய்த அதே பிழைகள். பெயர் மாறுவது, தேதி தவறுவது எல்லாம் எளிதில் திருத்தக்கூடியவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்னால் சேர்ந்த விவரத்தை மூலம் என்று நம்புவது

ஹாமெலின் குழலூதி கதை. ஊரை மொய்த்த எலிகளைக் குழலூதி ஒருவன் ஒழிக்கிறான், பேசிய கூலி கிடைக்காததால் ஊரின் பிள்ளைகளைக் குழலூதி அழைத்துக்கொண்டு மறைகிறான். எலி என்றால் பிளேக், ஆகவே பிள்ளைகள் பிளேக்கில் இறந்தார்கள். கேட்பதற்கு அத்தனை பொருத்தம்! பள்ளி பள்ளியாகப் போய் இதைச் சொன்னேன், ஒரு சிற்றிதழில் எழுதவும் செய்தேன். பெரியவர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. நடுவில் ஒரே வரி: "எலி எந்த வருடம் கதைக்குள் வந்தது?"

தேடினேன். ஹாமெலின், ஜெர்மனியில் வேசர் ஆற்றங்கரையில் இருக்கும் நிஜ ஊர். சம்பவ நாளாகச் சொல்லப்படுவது 1284 ஜூன் 26. கறுப்புச் சாவு என்ற பெரும் பிளேக் ஐரோப்பாவுக்குள் நுழைந்ததே 1347இல்தான். இந்தக் கதையைச் சொல்லும் 15ஆம் நூற்றாண்டு லூனெபர்க் கையெழுத்துப் பிரதியில் வெள்ளிக் குழலோடு அழகான இளைஞன் வருகிறான், 130 பிள்ளைகள் அவன் பின்னால் போகிறார்கள். எலியே கிடையாது. அது 16ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

திருத்தம் எழுதி அனுப்பினேன். யார் படித்தார்கள்? பிளேக் கட்டுரைதான் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் எரிகிறது.

பிரதிகளைக் காலவரிசையில் அடுக்குங்கள். நீங்கள் பொருள் சொல்லப்போகும் விவரம் எதில் முதலில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். எலியை எடுத்துவிட்டால் ஹாமெலினில் மிஞ்சுவது, ஊரைவிட்டுப் போன ஒரு கூட்டம். கிழக்கே புதிய நிலங்களில் குடியேற்ற ஆள் திரட்டிய காலம் அது. குழலூதி அப்படி ஆள்சேர்க்க வந்தவனாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். 'ஊரின் பிள்ளைகள்' என்பது ஊர்க்காரர்களையே குறித்திருக்கலாம். நாம் சொல்லும் 'மண்ணின் மைந்தர்'களில் அறுபது வயதுக்காரரும் உண்டல்லவா? அவர்கள் போனதாகச் சொல்லும் தெருவில் இன்றும் வாத்தியம் வாசிப்பதில்லை.

ரிங்கா ரிங்கா ரோசஸ்

இந்த ஆங்கிலச் சிறுவர் விளையாட்டுப் பாட்டு, 1665 லண்டன் பிளேக்கைப் பாடுவதாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அச்சானது 19ஆம் நூற்றாண்டில்தான். பிளேக் விளக்கம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்.

ஒரே விளக்கத்தோடு நிறுத்துவது

வேண்டாம்.

ஆசிரியர் மனதில் இதுதான் இருந்தது என்று அடித்துச் சொல்வது

ஓஸ் மந்திரவாதி என்ற அமெரிக்கச் சிறுவர் கதை 1900இல் வந்தது. அதில் வரும் மஞ்சள் செங்கல் பாதை, பணத்தைத் தங்கத்தோடு கட்டிய அன்றைய முறை, நாயகி டோரத்தியின் வெள்ளிச் செருப்பு, வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்கச் சொன்ன அரசியல் கோரிக்கை என்று 1964இல் எழுதியவர் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர். கதாசிரியர் பாம் அந்த அரசியலை ஆதரித்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1992இல் லிட்டில்ஃபீல்டே எழுதிவிட்டார். 1939 திரைப்படத்தில் அந்தச் செருப்பு மாணிக்கச் சிவப்பு. படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள், சிவப்புக்கும் ஒரு பொருளாதாரம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.