மெஷின் வாங்கும் முன்: சிறு பட்டறைக்கு ஒரு தயாரிப்புப் பாடம்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் பத்து இருபது பேரை வைத்துப் பட்டறை நடத்தும் தமிழர்கள் நிறைய. அவர்களிடம் ஏஐ, ரோபோ என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "அதெல்லாம் ஒயிட்ஃபீல்டு ஐடி கம்பெனிகளுக்கு சார்" என்பார்கள். இல்லையென்றால், பக்கத்து ஷெட்காரர் வாங்கிவிட்டார் என்று மறுநாளே கொட்டேஷன் கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

படி 1: நோட்டுப் போடுங்கள்

"லேத் ஆபரேட்டர் 4, இன்ஸ்பெக்ஷன் 1" என்று எழுதினால் பயனில்லை. ஒருவர் காலை முதல் மாலை வரை என்னென்ன செய்கிறார் என்று எழுதுங்கள். இன்ஸ்பெக்ஷன் பார்ப்பவரையே எடுத்துக்கொள்வோம். டிராயிங் பார்க்கிறார், வெர்னியர் அளவுகோலில் அளக்கிறார், அளவை ரெஜிஸ்டரில் எழுதுகிறார், மாலையில் அதையே எக்செலில் ஏற்றுகிறார், ரிஜெக்ட் ஆனதைப் பற்றி கஸ்டமரிடம் பேசிச் சமாளிக்கிறார்.

இதில் ஒரே அளவை இரண்டு முறை எழுதுவது வீண். கணினியோடு இணைக்கக்கூடிய டிஜிட்டல் வெர்னியர் இருந்தால் பட்டனை அழுத்தியதும் அளவு நேராக எக்செலுக்குப் போய்விடும். ஆனால் கஸ்டமரைச் சமாளிக்க அவர்தான் வேண்டும். ஆக, அவருடைய வேலை போகவில்லை. அதில் ஒரு துண்டுதான் போகிறது. ஒவ்வொருவருக்கும் இப்படிப் பிரித்து, மெஷின் செய்யக்கூடியது, மெஷின் துணையோடு ஆள் செய்வது, ஆள் மட்டுமே செய்வது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

படி 2: மூத்தவர்களின் கைப்பக்குவம்

சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்லும் ஒருவர் எல்லாப் பட்டறையிலும் இருப்பார். அவர் செட்டிங் செய்வதை அவர் சம்மதத்தோடு போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஏன் எடுக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "நம்மை அனுப்பத்தான் எடுக்கிறார்கள்" என்று அவர் நினைத்தால் அதில் தப்பே இல்லை. சொல்லிக்கொடுப்பதற்குத் தனியாகப் பணம் கொடுத்தால் சந்தேகம் குறையும்.

படி 3: ஆபீஸ் மேஜையில் தொடங்குங்கள்

ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவுசெய்வது) கட்டாயம். எப்படியும் பில்லிங்கைச் சரிசெய்தாக வேண்டும், அங்கிருந்தே தொடங்கலாம். கஸ்டமருக்கு மெயில் எழுத, கொட்டேஷன் வாசகம் திருத்த ஏஐ உதவும். எண்களை மட்டும் நீங்களே சரிபாருங்கள். கஸ்டமரின் டிராயிங்கை எக்காரணம் கொண்டும் இலவச ஏஐ செயலிகளில் ஏற்றாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

படி 4: பயிற்சி

ராஜாஜிநகரில் அரசின் ஜிடிடிசி (டூல்ரூம் பயிற்சி மையம்), தும்கூர் ரோட்டில் சிஎம்டிஐ (மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்) என்று இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. எந்த மொழியில் நடத்துவார்கள் என்று கேட்டுவிட்டு ஆளை அனுப்புங்கள். அப்புறம், 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) எடுப்பது சட்டப்படி கட்டாயம். அதைச் சும்மா கணக்குக் காட்டாமல் புதிய மெஷினுக்கு ஆள் தயார்செய்யப் பயன்படுத்துங்கள்.

படி 5: மெஷின் கணக்கு

ஈஎம்ஐயை மட்டும் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெஸ்காம் கரண்ட் பில், ஸ்டெபிலைசர், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), இன்சர்ட் (டூலின் மாற்றக்கூடிய வெட்டு முனை) செலவு, ஆபரேட்டர் கற்றுக்கொள்ளும்வரை ஆகும் ரிஜெக்ஷன் எல்லாவற்றையும் கூட்டுங்கள். முக்கியமான கேள்வி: கையில் உள்ள ஆர்டருக்கு அது மாதம் எத்தனை மணி நேரம் ஓடும்? ஒரு ஷிஃப்ட்கூட நிறையவில்லை என்றால் அந்த வேலையை இப்போதைக்கு ஜாப் ஒர்க்காக வெளியே கொடுத்துவிடுங்கள்.

மெஷின் வந்தால் ஆள் குறையும் என்ற நிலை இருந்தால், தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆடிட்டரை மட்டும் கேட்காமல் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரையும் கேளுங்கள், அதுவும் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.