சங்கம் இல்லாத சிற்றூரில் வீடு வாங்குவது எப்படி? வட கரோலினாவில் முதல்முறை வாங்குவோருக்கு

கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஹெச்.ஓ.ஏ. என்னும் வீட்டு உரிமையாளர் சங்கம் நன்றாகத் தெரியும். வேலியின் உயரம், கதவின் வண்ணம், பின்புறம் புடலைப் பந்தல் என்று எதற்கும் மனுப் போட வேண்டும். சந்தா 90 நாள் பாக்கி நின்றால், வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகவும் மாநிலச் சட்டம் சங்கத்துக்கு வழிவிடுகிறது. இதெல்லாம் வேண்டாம் என்று சைலர் சிட்டி, ராக்ஸ்பரோ, லூயிஸ்பர்க் போன்ற சிற்றூர்களில் வீடு தேடுவது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சங்கம் இல்லாத இடத்திலும் விதிகள் உண்டு. அவை கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்துப் பத்திரங்களில் இருக்கின்றன. அவற்றை யாரும் உங்களுக்கு எடுத்துப் படித்துக் காட்ட மாட்டார்கள்.

படி 1: சங்கம் இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்

ஜில்லோ போன்ற வீட்டு விற்பனைத் தளங்களில் சங்கக் கட்டணம் இல்லாத வீடுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். அது தொடக்கம் மட்டுமே. கட்டணக் கட்டம் காலியாக இருப்பது சான்றாகாது. இந்த மாநிலத்தில் விற்பவர் வீட்டின் நிலையையும் சங்க விவரத்தையும் அறிவிக்கும் படிவம் ஒன்றைத் தர வேண்டும். அதை முகவரிடம் கேட்டு வாங்குங்கள். சங்கம் பற்றிய கேள்விக்கு ஆம், இல்லை என்று சொல்லாமல் "No Representation" (எதுவும் உறுதி சொல்லவில்லை) என்று குறித்திருந்தால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

படி 2: வில்லங்கம் பாருங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய வேலை இதுதான். ஒவ்வொரு கவுன்ட்டியிலும் பத்திரப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. பெரும்பாலான கவுன்ட்டிகளின் பத்திரங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். விற்பவரின் பெயரில் தேடி, அவருடைய பத்திரத்தில் குறித்திருக்கும் புத்தக எண்ணையும் பக்க எண்ணையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். மனைப்பிரிவு வரைபடமும் அதோடு பதிந்த நிபந்தனைகளும் கிடைக்கும்.

சங்கமே அமைக்காத மனைப்பிரிவுகளிலும் இந்த நிபந்தனைகள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். கோழி வளர்க்கக் கூடாது, வீட்டில் தொழில் நடத்தக் கூடாது, இத்தனை சதுர அடிக்குக் குறைவாகக் கட்டக் கூடாது என்று எழுதியிருக்கலாம். மீறினால் கேட்பதற்குச் சங்கம் இல்லைதான். ஆனால் அதே மனைப்பிரிவில் வீடு வைத்திருக்கும் பக்கத்துவீட்டுக்காரர் நீதிமன்றம் போகலாம்.

பழைய பத்திரங்களில் இன்னொன்றும் கண்ணில் படலாம்: வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த நிலத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற வரி. 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் அதைச் சட்டவிரோதமே ஆக்கியது. எனவே அந்த வரி உங்களை எதுவும் செய்யாது. ஆனாலும் நம் நிறத்தவர் கட்டாயம் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பேன். அந்த மண்ணில் குடியேறும் உரிமைக்காக நமக்கு முன்னே கறுப்பின மக்கள் வழக்காடினார்கள் என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

படி 3: ஊர் எல்லைக்குள்ளா, வெளியிலா?

எல்லைக்குள் என்றால் கவுன்ட்டி வரியோடு ஊர் வரியும் சேரும். பெரும்பாலும் குழாய்நீரும் கழிவுநீர் இணைப்பும் கிடைக்கும். வெளியே என்றால் வரி குறையும், வேலை கூடும். எப்படியானாலும் அந்த மனையின் மண்டல விதிகளை, அதாவது எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்னும் விதிகளை, ஊர் அல்லது கவுன்ட்டியின் திட்ட அலுவலகத்தில் தொலைபேசியில் கேளுங்கள். பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நிலத்துக்கு என்ன மண்டலம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சங்கம் இல்லாத இடத்தில் அந்த நிலத்தில் எது வரும் என்பதை முடிவு செய்வது அந்த விதிதான்.

படி 4: சாலை, தண்ணீர், செப்டிக்

வட கரோலினாவில் கவுன்ட்டிகள் சாலைகளைப் பராமரிப்பதில்லை. 1931இலேயே கவுன்ட்டிச் சாலைகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் வீட்டுச் சாலை மாநிலத்துடையது, ஊருடையது அல்லது தனியாருடையது. தனியார் சாலை என்றால், பராமரிப்புச் செலவை யார் எப்படிப் பங்கிடுவது என்ற ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கடன் கொடுப்பவரே தயங்குவார். மழையில் சாலை அரித்துப் போனால் ஜல்லி போடுவதற்கும் சண்டை வரும்.

தனியார் கிணறுகள் மத்தியக் குடிநீர்ச் சட்டத்துக்குள் வருவதில்லை. தண்ணீரைச் சோதிப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. கிருமி, நைட்ரேட், ஈயம் ஆகியவற்றோடு ஆர்சனிக்கையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மாநிலத்தின் நடுப்பகுதியில் சில இடங்களில் பாறையிலிருந்தே அது நீரில் கலக்கிறது.

செப்டிக் அனுமதியின் நகலைக் கவுன்ட்டி சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் கேளுங்கள். அந்த அனுமதி படுக்கையறை எண்ணிக்கையை வைத்தே தரப்படுகிறது. நான்கு படுக்கையறை என்று விளம்பரம் இருக்கும்; அனுமதி மூன்றுக்குத்தான் இருக்கும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

படி 5: சில்லறை விசாரணைகள்

குப்பை எடுக்க வண்டி வருமா, நீங்களே மையத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா? இணைய இணைப்பு எந்த வகை? தீயணைப்பு நிலையம் எத்தனை மைல்? ஐந்தாறு மைலைத் தாண்டினால் காப்பீட்டுக் கட்டணம் கணிசமாக ஏறக்கூடும். வெள்ள அபாய வரைபடத்தையும் பாருங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. வார நாள் இரவிலும் சனிக்கிழமை மாலையிலும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பக்கத்துவீட்டு நாய் குரைப்பதையோ ஓடாத கார்கள் குவிவதையோ தட்டிக்கேட்கப் பின்னால் சங்கம் வராது.

படி 6: விலை பேசுதல்

ஒப்பந்தம் போட்டபின் வீட்டைச் சோதித்துப் பார்க்கும் கெடுவுக்காக இங்கே விற்பவருக்கு நேரடியாகக் கொடுக்கும் டியூ டிலிஜன்ஸ் கட்டணம், நீங்கள் பின்வாங்கினால் திரும்பி வராது. அதனால்தான் முதல் மூன்று படிகளையும் விலை சொல்வதற்கு முன்பே முடிக்கச் சொல்கிறேன். அவற்றுக்குப் பெரும்பாலும் உங்கள் நேரம் மட்டுமே செலவு. கிணறு, செப்டிக், சர்வே ஆகிய பணம் பிடிக்கும் சோதனைகளை ஒப்பந்தம் தரும் கெடுவுக்குள் முடியுங்கள். செப்டிக் ஆய்வாளரும் சர்வேயரும் கிடைக்கத் தாமதமாகும் என்பதால், கெடு நாளைத் தாராளமாகக் கேளுங்கள்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்து, வருமானமும் வரம்புக்குள் இருந்தால், மத்திய அரசின் வேளாண் துறை தரும் ஊரக வீட்டுக் கடனை விசாரியுங்கள்; முன்பணம் இல்லாமலே கிடைக்கும். பதிவை இங்கே வழக்கறிஞர்தான் நடத்துவார். வீட்டின் உரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் ஈடு தரும் உரிமைக் காப்பீட்டில், வங்கிக்காக எடுப்பது வங்கியை மட்டுமே காக்கும். உங்கள் பெயருக்குத் தனியாக ஒன்று எடுக்கும்படி அவரிடம் சொல்லுங்கள், அந்தக் காப்பீடு எவற்றுக்குப் பொறுப்பேற்காது என்னும் விதிவிலக்குப் பட்டியலைப் பதிவு நாளுக்கு முன்பே கேட்டு வாங்கி, படி 2இல் நீங்கள் கண்டெடுத்த நிபந்தனைகளோடு ஒப்பிடுங்கள்.