ஜாங்கோ மாடல்களுக்குத் தமிழில் பெயர் சூட்டுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலைகளை எடைபோட்டு வாங்கும் நிலையமொன்றின் கிராணிக்கு (எழுத்தருக்கு), பைத்தான் மொழியில் வலைச்செயலிகள் எழுத உதவும் சட்டகமான ஜாங்கோவில் பதிவேடு ஒன்று செய்து கொடுத்தேன். அவர் திரையில் முதலில் கண்டது 'பன்ச்டெலிவரி ஆப்ஜெக்ட் (1)', 'பன்ச்டெலிவரி ஆப்ஜெக்ட் (2)' என நீண்டுகொண்டே போன பட்டியலைத்தான். எந்த வரி எந்த லாரிக்குரியது என்றறிய, ஒவ்வொன்றையும் அவர் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஜாங்கோவில் தரவுத்தள அட்டவணை ஒன்றை விவரிக்கும் கிளாஸே மாடல்; இங்கே அது பன்ச்டெலிவரி. நாம் பெயர் தராவிட்டால், ஜாங்கோ அந்தக் கிளாஸின் பெயரைப் பெரிய எழுத்து வரும் இடங்களில் பிரித்து, சிறிய எழுத்துகளாக்கி ஒருமைப் பெயராக வைத்துக்கொள்ளும். பன்மைக்கு இறுதியில் ஆங்கில 'எஸ்' எழுத்தை ஒட்டிவிடும். ஆகவே முதலில், மாடல்ஸ் கோப்பைத் திறந்து, கிளாஸுக்குள் மெட்டா என்ற உட்கிளாஸை அமைத்து, இவ்விரு வரிகளையும் எழுதுங்கள் (இடப்பக்கச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்க):

வெர்போஸ்_நேம் = "குலை வரவு"
வெர்போஸ்_நேம்_புளூரல் = "குலை வரவுகள்"

இரண்டாம் வரியை விட்டுவிடாதீர்கள். விட்டால், 'குலை வரவு' என்ற தமிழ்ச்சொல்லின் வாலில் ஆங்கில எஸ் தொங்கும். பெயரை நீங்களாக உருவாக்காமல், எடைமேடையில் நிற்பவர் அதை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு எழுதுவதே சரி.

அடுத்து, புலங்கள், அதாவது அட்டவணையின் நெடுவரிசைகள். பெரும்பாலான புலங்களில் "எடை, டன்னில்" என்பது போன்ற பெயரை முதல் மதிப்பாகவே தரலாம். வேறொரு மாடலைச் சுட்டும் ஃபாரின்கீ போன்ற உறவுப் புலங்களில் முதலிடம் தொடர்புடைய மாடலுக்கு உரியது என்பதால், அங்கே வெர்போஸ்_நேம் என்று குறிப்பிட்டே தர வேண்டும்.

பட்டியலின் வரிகளைத் திருத்துவது, இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் கொண்ட எஸ்டிஆர் என்ற செயற்கூறு. அது லாரி எண்ணையும் தேதியையும் சேர்த்துத் திருப்பித் தரட்டும். தோட்டக்காரரின் பெயரையும் அதில் சேர்த்தால், அப்பெயர் வேறொரு அட்டவணையில் இருப்பதால், நூறு வரிகளுக்கு நூறு கூடுதல் வினவல்கள் தரவுத்தளத்துக்குப் போகக்கூடும். அப்போது செலக்ட்_ரிலேட்டட் கொண்டு ஒரே வினவலில் எடுத்துவிடுங்கள்.

பிறகு மேக்மைகிரேஷன்ஸ் கட்டளையைக் கொடுத்தால் மாடல் மாற்றங்களைப் பதியும் புதிய மைகிரேஷன் கோப்பு ஒன்று உருவாகும். அஞ்ச வேண்டாம்; இந்தப் பெயர் மாற்றத்தால் அட்டவணையின் அமைப்பு மாறாது.

நிர்வாகி மலாயிலும் கிராணி தமிழிலும் படிப்பவராயின், பெயர்களை கெட்டெக்ஸ்ட்_லேசி என்ற மொழிபெயர்ப்புச் செயற்கூறு கொண்டு சுற்றுங்கள். மாடல்கள் செயலி தொடங்கும்போது ஒருமுறைதான் ஏற்றப்படுகின்றன. வெறும் கெட்டெக்ஸ்ட் அந்நேரத்து மொழியிலேயே பெயரை நிறுத்திவிடும். லேசியோ, பக்கம் காட்டப்படும் கணத்தில்தான், பார்ப்பவரின் மொழிக்கேற்ற சொல்லைத் தேடி எடுக்கும்.